காவலூர் மலை தரும் பாடம்: அடுத்தவர் கண்ணால் நேர்மையாகப் பார்ப்பது



நமக்குத் தெரிந்த செய்திகளில் நம் கண்ணால் நேரில் பார்த்தவை எத்தனை? எண்ணிப் பார்த்தால் மிகக் குறைவாகவே இருக்கும். பாட்டனாரின் ஊர், கடலுக்கு அப்பால் உள்ள நாடுகள், நேற்று பக்கத்துத் தெருவில் நடந்த சண்டை, மருத்துவர் ஸ்கேன் பார்த்துச் சொன்ன முடிவு எல்லாம் யாரோ ஒருவர் பார்த்து நமக்குச் சொன்னவைதான். ரமளான் தொடங்குவதும் பெருநாள் வருவதும்கூட எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் பிறையைப் பார்த்துச் சாட்சி சொன்னதால்தான் நமக்குத் தெரிகிறது.

அடுத்தவர் கண்ணை நம்பாமல் வாழ முடியாது. ஆனால் அந்தக் கண் வழியாக நேர்மையாகப் பார்க்க நாம் கற்றிருக்கிறோமா? நமக்குப் பிடித்தவர் சொன்னால் விசாரிக்காமல் நம்புகிறோம், பிடிக்காதவர் சொன்னால் காது கொடுத்துக் கேட்பதுகூட இல்லை. குடும்பச் சண்டை, ஜமாஅத்தில் வரும் வழக்கு, வியாபாரத் தகராறு, கைப்பேசியில் பரவும் வதந்தி எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் குறைதான் இருக்கிறது.

இந்த மாதப் பாடத்தை நமக்கு மிக அருகில் உள்ள ஓர் இடத்திலிருந்து எடுத்துக்கொள்வோம். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வரும். அங்குள்ள வான் ஆய்வகம் நம் பிள்ளைகள் பலருக்குப் பள்ளிச் சுற்றுலா சென்ற இடமாகத்தான் தெரியும். அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சியில் இந்த விஷயத்துக்கான முழுப் பாடமும் இருக்கிறது.

மலைமேல் ஒரு கண்

காவலூர் ஆய்வகத்தை உருவாக்கியவர் வைணு பாப்பு. 1927-இல் பிறந்தவர். இவருடைய தந்தை ஹைதராபாத் நிஜாமியா வான் ஆய்வகத்தில் பணியாற்றியவர். அந்த நிஜாமியா ஆய்வகத்தைத் தொடங்கியவர் நவாப் ஜஃபர் ஜங் என்ற செல்வந்தர். தம் சொந்தப் பணத்தில் இங்கிலாந்திலிருந்து பெரிய தொலைநோக்கியை வரவழைத்தவர் அவர். பிற்காலத்தில் நிஜாம் அரசு அதை ஏற்று நடத்தியது. ஒரு நவாபின் கொடை ஓர் ஊழியரின் வீட்டுக்குள் வானத்தைக் கொண்டுவந்தது. அந்த வீட்டுப் பிள்ளை வளர்ந்து நம் மலைக்கு ஓர் ஆய்வகத்தைக் கொண்டுவந்தார்.

காவலூரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. நகர வெளிச்சம் எட்டாத காடு. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 725 மீட்டர் உயரம். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் வட வானமும் தென் வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். கிழக்கே ஆஸ்திரேலியா, மேற்கே தென்னாப்பிரிக்கா, இரண்டுக்கும் இடையிலுள்ள இந்த நீண்ட பரப்பில் ஓர் ஆய்வகம் இருப்பது உலகத்துக்கே தேவையாக இருந்தது.

1968-இல் கொடைக்கானலிலேயே செய்யப்பட்ட 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் இங்கே வேலை தொடங்கியது. 1972-இல் ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனம் செய்த 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி வந்தது. பாப்புவின் பெரிய கனவான 234 சென்டிமீட்டர் தொலைநோக்கி நம் நாட்டிலேயே உருவாகி, 1986 ஜனவரி 6 அன்று அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தியால் அர்ப்பணிக்கப்பட்டது. அதைப் பார்க்க பாப்பு இல்லை. 1982-இலேயே அவர் காலமாகிவிட்டார். தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள்.

1977 மார்ச் 10 இரவு

யுரேனஸ் என்ற கோள் சூரியனிலிருந்து சுமார் 287 கோடி கிலோமீட்டர் தொலைவில் சுற்றுகிறது. அது ஒரு மங்கலான விண்மீனுக்கு முன்னால் கடந்து செல்லும் என்று வானியலாளர்கள் கணக்கிட்டிருந்தார்கள். 1977 மார்ச் 10 அன்று இரவு அது நடக்க வேண்டும். விண்மீனின் ஒளி எப்படி மங்கி மறைகிறது என்பதை அளந்தால் கோளின் அளவையும் அதன் காற்று மண்டலத்தையும் பற்றி அறியலாம். அந்தக் காட்சி பூமியின் எல்லாப் பகுதியிலும் ஒரே மாதிரி தெரியாது. அதனால் பல இடங்களில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

இந்தியப் பெருங்கடலுக்கு மேலே ஒரு விமானம் பறந்தது. அதற்குள் 91 சென்டிமீட்டர் தொலைநோக்கி பொருத்தப்பட்டிருந்தது. ஜேம்ஸ் எலியட், எட்வர்ட் டன்ஹாம், டக்ளஸ் மிங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் அதில் இருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஒரு குழு. தென்னாப்பிரிக்காவில் ஒரு குழு. நம் காவலூரில் 102 சென்டிமீட்டர் தொலைநோக்கியின் முன்னே ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும்.

எதிர்பாராதது நடந்தது. யுரேனஸ் அந்த விண்மீனை நெருங்குவதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. காவலூரின் பதிவுத்தாளிலும் அந்தப் பள்ளம் விழுந்தது. கோள் இன்னும் அங்கே வரவில்லை என்றால் ஒளியை மறைத்தது எது?

காவலூர்க்காரர்கள் தாங்கள் பார்த்ததை வைத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். யுரேனஸைச் சுற்றும், இதுவரை யாரும் அறியாத ஒரு துணைக்கோள் ஒளியை மறைத்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அதை அந்த ஆண்டே நேச்சர் என்ற புகழ்பெற்ற அறிவியல் இதழில் வெளியிட்டார்கள். அது தவறான நினைப்பு அல்ல. விமானத்தில் இருந்தவர்களும் பறக்கும்போது சிறு துணைக்கோள்கள் என்றே எண்ணினார்கள். ஒரு பள்ளத்தை மட்டும் பார்த்தவர் வேறு எப்படி எண்ண முடியும்?

விமானக் குழுவிடம் இன்னொன்றும் இருந்தது. அவர்கள் முன்கூட்டியே பதிவைத் தொடங்கி, கோள் கடந்த பிறகும் நிறுத்தாமல் தொடர்ந்தார்கள். கோளுக்கு முன்னால் 5 பள்ளங்கள். கோளுக்குப் பின்னாலும் 5 பள்ளங்கள். இரு பக்கத்தையும் ஒப்பிட்டபோது அவை கண்ணாடியில் தெரியும் உருவம்போல ஒன்றுக்கொன்று பொருந்தின. துணைக்கோள்கள் இப்படி இருபுறமும் ஒரே தூரத்தில் வரிசையாக நிற்க முடியாது. கோளைச் சுற்றி வளையங்கள் இருந்தால்தான் இது நடக்கும்.

அதன் பிறகு காவலூரின் பதிவுகள் மறுபடியும் படிக்கப்பட்டன. அதே ஆண்டு பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் அதே நேச்சர் இதழில் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். இம்முறை யுரேனஸைச் சுற்றி சனிக் கோளுக்கு இருப்பதுபோல வளைய அமைப்பு இருப்பதைப் பற்றி எழுதினார்கள். பதிவுத்தாள் பழையதுதான். மற்ற இடங்களில் இருந்தவர்கள் பார்த்ததையும் சேர்த்து வைத்தபோது அதே கோடுகளுக்கு வேறு பொருள் புலப்பட்டது.

1986 ஜனவரி 24 அன்று வாயேஜர் 2 என்ற விண்கலம் யுரேனஸின் அருகே சென்று அந்த வளையங்களைப் படம் எடுத்தது. இன்று 13 வளையங்கள் அறியப்பட்டுள்ளன.

இதில் நமக்கு என்ன பாடம்?

முதலாவது, கண்டதையும் கருதியதையும் பிரித்து வைப்பது. காவலூரின் பதிவுத்தாள் சொன்னது, இந்த நொடியில் இவ்வளவு ஒளி குறைந்தது என்பதை மட்டுமே. துணைக்கோள் என்பது அதற்கு மனிதர் சொன்ன விளக்கம். விளக்கம் மாறியபோதும் பதிவு பயன்பட்டது. பதிவிலேயே விளக்கத்தைக் கலந்து எழுதியிருந்தால் இரண்டும் வீணாகியிருக்கும். நாம் பேசும்போது இந்த இரண்டையும் கலந்துவிடுகிறோம். “அவர் சலாமுக்குப் பதில் சொல்லவில்லை” என்பது கண்டது. “அவருக்குத் தலைக்கனம் வந்துவிட்டது” என்பது நாம் கருதியது. அவருக்குக் காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம், வீட்டில் நோயாளி இருக்கும் கவலையில் நடந்துகொண்டிருக்கலாம். வீட்டுக்கு வந்து நாம் சொல்வது இரண்டாவதை மட்டும்தான்.

இரண்டாவது, எங்கே நின்று பார்த்தோம் என்பதைச் சொல்வது. பெர்த்தில் இருந்தவர் பார்த்ததும் காவலூரில் இருந்தவர் பார்த்ததும் ஒன்றாக இருக்காது. அதனால் இருவரில் ஒருவர் பொய்யர் என்று ஆகிவிடாது. இடம் வேறு, கோணம் வேறு. ஒவ்வொருவரும் தம் இடத்தையும் நேரத்தையும் சரியாகக் குறித்திருந்ததால்தான் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்க முடிந்தது.

மூன்றாவது, எதிர்பாராததை மறைக்காமல் வைப்பது. முன்கூட்டியே விழுந்த பள்ளத்தைக் கருவிக் கோளாறு, மேகம் என்று ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்கவில்லை. நம் கருத்துக்கு ஒத்துவராத செய்தி வரும்போது அதை ஒதுக்குகிறோமா, எடுத்து வைக்கிறோமா என்பதில்தான் நேர்மை வெளிப்படும்.

நான்காவது, அடுத்தவர் கண்டது வந்து சேர்ந்ததும் நம் முடிவைத் திரும்பப் பார்ப்பது. உலகமே படிக்கும் இதழில் ஒரு கருத்தை அச்சேற்றிய பிறகு, அதே ஆண்டில் வேறு முடிவை எழுதுவதற்கு மனத்துணிவு வேண்டும். அதனால் காவலூரின் பெயர் குறையவில்லை. யுரேனஸ் வளையங்களின் வரலாறு சொல்லப்படும் இடங்களில் காவலூரின் பெயரும் வருகிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே

பல இடத்துக் கண்களைச் சேர்த்துப் பார்க்கும் இந்த வழி புதிதல்ல. கி.பி. 997 மே 24 அன்று ஒரு சந்திர கிரகணம் வந்தது. மத்திய ஆசியாவில் காத் என்ற ஊரில் இளைஞர் அல்பிரூனி அதைப் பார்த்தார். பக்தாதில் அபுல் வஃபா அல்பூஸ்ஜானி பார்த்தார். இருவரும் முன்பே பேசி வைத்துக்கொண்டார்கள். ஒரே கிரகணத்தை அவரவர் ஊரின் நேரப்படி குறித்து, அந்த நேர வித்தியாசத்திலிருந்து இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தீர்க்கரேகை தூரத்தைக் கணக்கிட்டார்கள். தனியாக நின்று எவராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒருவர் நேரத்தைச் சற்றுக் கூட்டிச் சொல்லியிருந்தாலும் கணக்கு முழுவதும் பாழாகியிருக்கும்.

அதே அல்பிரூனி பிற்காலத்தில் இந்தியாவைப் பற்றி, ஏறக்குறைய 1030-இல், ஒரு பெரிய நூல் எழுதினார். அதற்காகச் சமஸ்கிருதம் கற்றார். பண்டிதர்களிடம் அமர்ந்து கேட்டார். பதஞ்சலியின் யோக நூலை அரபியில் ஆக்கினார். இந்து மக்களின் நம்பிக்கைகளை வாதத்தில் வெல்வதற்காகத் தாம் எழுதவில்லை, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்கிறபடியே எடுத்து வைக்கிறேன் என்ற கருத்தை நூலின் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்தினார். தம் மார்க்கத்தில் அவர் உறுதியாகவே இருந்தார். பிறர் நம்புவதைத் திரிக்காமல் சொல்வதற்கு அந்த உறுதி தடையாக இருக்கவில்லை. நம் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வாழ்பவர் என்ன நம்புகிறார், எதை அஞ்சுகிறார் என்று கேட்டால், அவர் ஆமாம் என்று ஒப்புக்கொள்ளும்படி நம்மால் சொல்ல முடியுமா? அல்பிரூனி நமக்கு வைக்கும் தேர்வு இது.

பிறையும் இரு தரப்பும்

இந்த நான்கு படிகளும் நம் மார்க்க வழக்கத்துக்கு அந்நியமானவை அல்ல. பிறை பார்த்தேன் என்று ஒருவர் வந்தால் அவரிடம் என்ன கேட்கிறார்கள்? எந்த இடத்தில் நின்றீர்கள், எந்தத் திசை, சூரியன் மறைந்து எவ்வளவு நேரம், பிறையின் முனைகள் எப்பக்கம் இருந்தன, மேகம் இருந்ததா, உடன் யார் பார்த்தார். அவரை அவமதிக்க இந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை. அவர் கண்ணின் பொறுப்பில் ஊரே நோன்பு வைக்கப்போகிறது, அதனால் கேட்கிறார்கள். சாட்சியும் கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும்.

செய்தி கொண்டு வருபவர் நம்பத்தகாதவராக இருந்தால் தீர விசாரித்துக்கொள்ளும்படி குர்ஆனின் 49-ஆம் அத்தியாயம் 6-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. விசாரிக்காமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்த நேரும் என்பது அதற்கு அங்கே சொல்லப்படும் காரணம். நீதிக்குச் சாட்சியாக நிற்கும்போது அது நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருந்தாலும் நிற்க வேண்டும் என்பது 4-ஆம் அத்தியாயம் 135-ஆம் வசனத்தின் கருத்து. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்யக் கூடாது என்பது 5-ஆம் அத்தியாயம் 8-ஆம் வசனத்தின் கருத்து. அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, முதலில் வந்தவர் சொல்வதைக் கேட்டதுபோலவே அடுத்தவர் சொல்வதையும் கேட்கும் வரை தீர்ப்பு வழங்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம்.

கடினமான இடம்: பாலாறு

வானத்தில் உள்ள வளையத்தை நேர்மையாகப் பார்ப்பது ஒரு வகையில் எளிது. அதனால் யாருக்கும் பணம் நஷ்டமில்லை. நம் பிழைப்பைத் தொடும் விஷயத்தில் அடுத்தவர் கண்ணால் பார்க்க முடிகிறதா என்பதே உண்மையான சோதனை. நம் பகுதிக்கு அந்தச் சோதனை பாலாற்றில் வந்தது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் இந்தப் பட்டையில் தோல் தொழில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் கல்லூரிகளும் அந்த வருமானத்தில் எழுந்தன. அதே ஆலைகளின் கழிவுநீர் ஆற்றுக்கும் கிணற்றுக்கும் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதற்கான ஈட்டைத் தர வேண்டும் என்ற கொள்கை இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களில் இருந்த ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது. சுத்திகரிப்பு வசதி இல்லாத ஆலைகள் நடக்கக் கூடாது என்றது.

அந்தத் தீர்ப்பை வாசித்தால் இரு கண்களும் அதில் இருப்பது தெரியும். தோல் தொழில் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருவதையும், பலருக்கு வேலை தருவதையும், பதனிட்ட தோல் ஏற்றுமதியில் ஏறக்குறைய 80 சதவீதம் தமிழ்நாட்டினுடையது என்பதையும் அது பதிவு செய்கிறது. இந்தப் பட்டையில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிட முடியாமல் போனதையும் பதிவு செய்கிறது.

ஆலை வாசலில் நின்று பார்த்தவருக்கு என்ன தெரிந்தது? காலையில் சைக்கிளில் வரும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள், வாரக் கூலி, வங்கிக் கடன், ஏற்றுமதித் தேதி. ஆற்றங்கரை வயலில் நின்றவருக்கு என்ன தெரிந்தது? வெண்மையாக உப்புப் பூத்த மண், காய்க்காத தென்னை, குடிக்க முடியாத கிணற்று நீர். ஆலைக்குள் சுண்ணாம்புத் தொட்டியிலும் குரோம் நீரிலும் கையை விட்டு வேலை செய்தவருக்கோ இரண்டும் தெரியும். அவருடைய கூலியும் அங்கேதான், அவர் குடித்த தண்ணீரும் அங்கேதான்.

இவர்களில் எவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஆலைக்காரர் விவசாயியைத் தொழிலின் எதிரி என்று மட்டும் பார்த்தால், விவசாயி ஆலைக்காரரைப் பேராசைக்காரர் என்று மட்டும் பார்த்தால், ஒரே பள்ளத்தைப் பார்த்துத் துணைக்கோள் என்று சொன்ன நிலையில்தான் இருவரும் நிற்பார்கள். தோல் தொழிலோடு உறவுள்ள குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். நம் பிள்ளைகளிடம் ஆலைகள் கட்டிய கல்லூரிகளைக் காட்டும்போது, உப்பேறிய வயலையும் காட்ட வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பிறகும், அவை ஒழுங்காக ஓடுகின்றனவா என்பதை ஆலைக்குள் இருப்பவர் சொல்வதோடு ஆற்றங்கரையில் இருப்பவரிடமும் கேட்க வேண்டும். நமக்கு எதிராக அமைந்தாலும் சாட்சி சொல்லும் கடமை இங்கே நம் மேல் இருக்கிறது.

தராசின் இரு பக்கம்

இன்னொரு சிறிய உதாரணம். ஜவ்வாது மலையின் மலையாளி பழங்குடி மக்கள் சாமை, புளி, பலா, தேன் முதலியவற்றைக் கீழே கொண்டு வந்து விற்கிறார்கள். மலையிலிருந்து மூட்டையோடு இறங்கியவருக்கு மாலைக்குள் வீடு திரும்பப் பேருந்து பிடிக்க வேண்டும். விற்காத மூட்டையைத் திரும்பச் சுமக்க முடியாது. வாங்குபவருக்கு அது “நல்ல விலை”. விற்பவருக்கு அது வேறு வழியில்லாத விலை. ஒரே தராசுதான், நிற்கும் பக்கம்தான் வேறு.

வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களைக் குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம் தொடக்கத்திலேயே கண்டிக்கிறது. எடைக் கல்லைப் பற்றி மட்டும் அது பேசுவதாக நினைக்க வேண்டாம். நமக்கு ஒரு அளவு, பிறருக்கு ஒரு அளவு வைக்கும் பார்வைக்கும் அது பொருந்தும். நம் மகளுக்கு மாமியார் வீட்டில் ஓய்வு வேண்டும், நம் மருமகள் மட்டும் ஓயாமல் வேலை செய்ய வேண்டும் என்பதும் தராசில் செய்யும் மோசடிதான்.

இதற்கும் எல்லை உண்டு

அடுத்தவர் கண்ணால் பார்ப்பது என்றால் அவர் சொல்வதையெல்லாம் ஏற்றுக்கொள்வது என்று பொருளல்ல. கொடுமை செய்தவனின் நியாயத்தைக் கேட்டுவிட்டு, அடி வாங்கியவளைப் பொறுத்துப்போகச் சொல்வதும் இதில் சேராது. கேட்பது உண்மையை அறிவதற்காக. அறிந்த பிறகு நீதியின் பக்கம் நிற்க வேண்டும்.

இரண்டு கண்கள் ஒத்துப்போனால் மட்டும் முடிவு உறுதியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. இதற்கும் காவலூரிலேயே சான்று உண்டு. 1972 ஜூன் 7 அன்று வியாழனின் பெரிய துணைக்கோளான கானிமீட் ஒரு விண்மீனை மறைத்தது. அதைக் காவலூரிலும் இந்தோனேசியாவின் ஜாவா தீவிலும் அளந்தார்கள். கானிமீடுக்குக் காற்று மண்டலம் உண்டு என்ற முடிவு கிடைத்தது. 1979-இல் வாயேஜர் 1 அருகே சென்று பார்த்தபோது, அவர்கள் மதிப்பிட்ட அளவுக்கு அங்கே காற்று இல்லை என்று தெரிந்தது. பின்னாளில் மிக மிக மெல்லிய ஆக்சிஜன் படலம் மட்டுமே கண்டறியப்பட்டது. இன்னும் அருகில் சென்று பார்த்த கண்ணுக்கு முந்தைய கண்கள் வழிவிட்டன. ஆகவே பத்துக் குழுக்களில் ஒரே செய்தி வந்தது என்பதற்காக அதை நம்ப வேண்டியதில்லை. பத்துப் பேரும் ஒரே இடத்திலிருந்து எடுத்து அனுப்பியிருந்தால் அது ஒரே ஒரு கண்தான்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை

1. ஒரு செய்தியைச் சொல்லும்முன், நான் பார்த்தது எது, கேட்டது எது, நினைத்தது எது என்று மூன்றாகப் பிரியுங்கள். மூன்றையும் வெவ்வேறு வாக்கியமாகச் சொல்லுங்கள்.

2. குடும்பத் தகராறு ஜமாஅத்துக்கு வந்தால் ஒரு தரப்பின் பேச்சோடு முடிவு எடுக்க வேண்டாம். பெண்ணின் பேச்சை அவர் வாயாலேயே, அச்சமின்றிப் பேசக்கூடிய இடத்தில், தேவையானால் மூத்த பெண்கள் முன்னிலையில் கேளுங்கள்.

3. எதிர்த் தரப்பின் நியாயத்தை நீங்களே ஒருமுறை எடுத்துச் சொல்லிப் பாருங்கள். “ஆமாம், நான் சொல்வது அதுதான்” என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகு உங்கள் பதிலைச் சொல்லுங்கள்.

4. மற்றொரு சமூகத்தைப் பற்றிக் கோபமூட்டும் படமோ குரலோ கைப்பேசிக்கு வந்தால், எந்த ஊர், எந்த நாள், எடுத்தவர் யார் என்ற மூன்று கேள்விக்கும் பதில் கிடைக்காதவரை யாருக்கும் அனுப்பாதீர்கள். நம்மைப் பற்றி அப்படி ஒன்று பரவினால் எவ்வளவு வலிக்கும் என்பது நமக்குத் தெரியும்.

5. உதவி கேட்டு வருபவரின் நிலையை அவரிடமே கேளுங்கள். என்ன தேவை என்பதைக் கொடுப்பவரே முடிவு செய்தால் அரிசி மூட்டை உள்ள வீட்டுக்கே மீண்டும் அரிசி போகும். மருந்துச் சீட்டோடு இருப்பவர் வெறுங்கையோடு திரும்புவார்.

வீட்டில் கலந்து பேச

அ. கடந்த ஒரு மாதத்தில் நம் வீட்டில் நடந்த ஒரு மனஸ்தாபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் மற்றவர் இடத்தில் நின்று அதைச் சொல்லிப் பாருங்கள்.

ஆ. நம் தொழிலால் பயன்பெறுவோர் யார்? அதனால் சிரமப்படுவோர் யார்? சிரமப்படுபவரிடம் கடைசியாக எப்போது பேசினோம்?

இ. பிள்ளைகளுக்கு: ஒரே மரத்தை வீட்டின் நான்கு பக்கமிருந்து நான்கு பேர் வரையுங்கள். படங்களை ஒன்றாக வைத்து, ஒருவர் படத்தில் இல்லாத எது மற்றவர் படத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள்.

முடிந்தால் பிள்ளைகளோடு ஒருமுறை காவலூர் சென்று வாருங்கள். பெரிய கண்ணாடியைப் பார்க்கும்போது, அந்தக் கண்ணாடி எவ்வளவு பெரியது என்பதோடு நிறுத்தாமல், 1977-இல் இங்கே ஒரு தாளில் விழுந்த சிறிய பள்ளத்தையும், கடலுக்கு அப்பால் இருந்தவர்கள் கண்டது வந்து சேர்ந்ததும் அதை மறுபடி எடுத்துப் படித்தவர்களையும் பற்றிச் சொல்லுங்கள். நாம் கண்டதை உள்ளபடி சொல்லவும், பிறர் கண்டதைப் பொறுமையோடு கேட்கவும், உண்மை தெரிந்ததும் அதன் பக்கம் திரும்பவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக.